எப்படி இயங்குகிறது? புட்டு மாவும் கோவில் கார் பார்க்கிங்கும்

புட்டுக்கு மாவு பிசிறத் தெரிந்தவர்களுக்குச் சாலைப் பொறியியலில் பாதி ஏற்கெனவே தெரியும். வறுத்த அரிசி மாவில் உப்புத் தண்ணீரைத் தெளித்து, விரல் நுனியால் பிசிறி, ஒரு கை மாவை எடுத்து இறுக்கிப் பிடிப்பார்கள். பிடி நிற்க வேண்டும். கட்டைவிரலால் நெருடினால் உதிர வேண்டும். தண்ணீர் குறைந்தால் பிடியே நிற்காது; கூடினால் மாவு கூழாகிக் கையில் ஒட்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் இருக்கிறது. அதை எந்தப் பாட்டியும் அளந்து சொன்னதில்லை, கைக்குத் தெரியும் அவ்வளவுதான்.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரத் தண்ணீர்த் துறைக்காக அணை கட்டிய ரால்ஃப் புரோக்டர் என்ற பொறியாளர் 1933-இல் அந்தக் கைக்கணக்கை எண்ணில் எழுதினார். மண்ணை ஓர் உருளைப் பாத்திரத்தில் போட்டு, எண்ணி எண்ணி இடித்து, நிறுத்துப் பார்த்தார். அதே மண்ணில் கொஞ்சம் தண்ணீர் கூட்டி மறுபடியும் இடித்தார். ஈரம் ஏற ஏற மண் நெருங்கி, அதே பாத்திரத்தில் கூடுதல் மண் அடங்கியது. ஓர் அளவைத் தாண்டியதும் அது குறையத் தொடங்கியது. முதலில் சேரும் தண்ணீர் துகள்களை வழுக்க வைத்து ஒன்றின் பக்கத்தில் ஒன்றை உட்கார வைக்கிறது. அதற்கு மேல் சேரும் தண்ணீர், துகள் உட்கார வேண்டிய இடத்தைத் தானே பிடித்துக்கொள்கிறது. தண்ணீரை எவ்வளவு இடித்தாலும் சுருங்காது. உச்சத்தில் நிற்கும் அந்த ஈரத்தைப் பொறியாளர்கள் உகந்த ஈரம் என்பார்கள். நம் வீட்டில் அது புட்டுப் பதம்.

மலாக்காவில் இதை ஏன் எழுத வேண்டியிருக்கிறது என்றால், அலோர்காஜா முதல் மெர்லிமாவ் வரை கோவிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் மண்டபத்துக்கும் மானியம் கிடைத்ததும் நாம் முதலில் செய்வது தரைக்குத் தார் போடுவதுதான். திறப்பு விழாவில் கருகருவென்று பளபளக்கும். ஆண்டு இரண்டு போனதும் நடுவில் குளம் கட்டும், ஓரம் நொறுங்கும். "தார் சரியில்லை, குத்தகையாளர் ஏமாத்திட்டான்" என்று கூட்டத்தில் பேச்சு வரும். குத்தகையாளர் ஏமாற்றியிருக்கலாம், ஆனால் பெரும்பாலும் தாரில் இல்லை. தாருக்குக் கீழே, யாரும் பார்க்காத இடத்தில். நகராண்மைக் கழகத்தின் கட்டுமான விதிகளில் ஒரு பகுதி அந்தப் பார்க்காத இடத்தைப் பற்றியதுதான்.

முதலில் மண். மலாக்காவின் உள்நாட்டுப் பக்கம், தோட்டங்கள் இருந்த மேட்டு நிலம் பெரும்பாலும் செம்மண்; அதில் பட்டாணி அளவிலிருந்து எலுமிச்சை அளவு வரை இரும்புச் சரளை. மண் ஆய்வாளர்கள் இந்த வகை ஒன்றுக்கு 'மலாக்கா தொடர்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். போர்த்துகீசியர் கட்டிய ஏ ஃபமோசா கோட்டையில் இன்று மிஞ்சி நிற்கும் வாசலைத் தொட்டுப் பாருங்கள்: அதே சிவப்பு, அதே பொத்தல் கல். 1896-இல் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்ட காலத்திலிருந்து தோட்டத்துக்காரர்கள் சாலைக்குக் கொட்டி மிதித்ததும் இந்தச் சரளை மண்ணைத்தான். வெயிலில் கல்லாகக் கெட்டியாகும். ஆனால் சரளைக்கு இடையில் களிமண் இருக்கிறது. மழை ஊறினால் அது இளகும், லோரி தடம் பதியும். ரப்பர் பால் வண்டி போன பாதை மழைக்காலத்தில் எப்படி இருந்தது என்று தோட்டத்தில் வளர்ந்த யாரையும் கேட்கலாம்.

கடலோரம் வேறு கதை. மலாக்கா ராயா, கோத்தா லக்சமானா, புலாவ் மலாக்கா எல்லாம் கடலைத் தூர்த்த நிலம். அடியில் வழுவழுப்பான கடற்களிமண். அங்கே தரை பல ஆண்டுகளுக்கு மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். அதற்கு வேறு வைத்தியம் வேண்டும். இங்கே மேட்டு நிலத்தோடு நிற்போம்.

பொதுப்பணித் துறையான ஜே.கே.ஆரின் சாலை வேலை விவரக்குறிப்பைத்தான் ஊராட்சி மன்றங்களும் பெரும்பாலும் பின்பற்றுகின்றன. அதன்படி வேலைக்கு வரும் மண்ணை முதலில் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போவார்கள். 4.5 கிலோ இடிகட்டை, 45 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும். மண்ணை ஐந்து அடுக்காகப் போட்டு அடுக்குக்கு 27 இடி. வெவ்வேறு ஈரத்தில் இப்படிச் செய்து, எந்த ஈரத்தில் மண் அதிகபட்சம் நெருங்குகிறது என்று கண்டுபிடிப்பார்கள். சரளை மண்ணுக்கு அந்த ஈரம் குறைவாகவும் களிமண்ணுக்கு அதிகமாகவும் வரும். அப்புறம் தளத்தில் ரோலர் ஓட்டி முடித்ததும், அடித்தளக் கற்படுகை அந்த அதிகபட்ச நெருக்கத்தில் 95 விழுக்காட்டையாவது எட்டியிருக்க வேண்டும்.

எட்டியதா என்று எப்படிப் பார்ப்பது? இந்தச் சோதனையை ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். ரோலர் ஓடிய தரையில் நடுவில் ஓட்டை உள்ள தட்டை வைத்து, உளியாலும் கரண்டியாலும் ஒரு சாண் ஆழத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் குழி தோண்டுவார்கள். தோண்டிய மண் ஒரு பொட்டுகூடச் சிந்தக் கூடாது. குழியின் அடியை வண்ணத் தூரிகையால் கூட்டி அள்ளுவதைப் பார்த்திருக்கிறேன். அதை டின்னில் போட்டு மூடி நிறுக்க வேண்டும். பிறகு ஓர் உருளையிலிருந்து காய்ந்த, சலித்த மணலைக் குழிக்குள் விடுவார்கள். அந்த மணல் ஒரு லிட்டருக்கு எத்தனை கிராம் என்று முன்பே தெரியும். எவ்வளவு மணல் இறங்கியது என்று நிறுத்தால் குழியின் கொள்ளளவு கிடைத்துவிடும். மண்ணின் எடை தெரியும், அது இருந்த இடத்தின் அளவும் தெரியும், ஈரத்தைக் கழித்து ஒன்றை ஒன்றால் வகுத்தால் நெருக்கம் தெரிந்துவிடும். உளியும் மணலும் தராசும் போதும். மணல் விடும்போது பக்கத்தில் ரோலர் அதிரக் கூடாது, அதிர்ந்தால் மணலும் நெருங்கிக் கணக்குப் பொய்யாகிவிடும். இதற்காக ரோலர்காரர் என்ஜினை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவார்.

இந்தச் சோதனையை விட்டுவிட்டு "நாலு தடவை ரோலர் விட்டாச்சு, கல்லு மாதிரி இருக்கு" என்று சொன்னால் நம்ப வேண்டாம். வெயிலில் காய்ந்த செம்மண் எப்போதுமே கல் மாதிரித்தான் இருக்கும். அது பதத்தில் இடிபட்டதா, காய்ந்து விறைத்ததா என்பது முதல் மழைக்குப் பிறகுதான் தெரியும். தெரியும்போது தார் போட்டு முடித்திருப்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. மண்ணை ஓர் அடிக்கு மேல் மொத்தமாகக் கொட்டி ரோலர் விடக் கூடாது. மேல் பகுதி இறுகும், அடியில் பொலபொலவென்று கிடக்கும். அடுக்கு அடுக்காகத்தான் போட வேண்டும்.

இந்த இடத்தில் புட்டும் சாலையும் பிரிகின்றன. புட்டுக்குழலில் மாவை யாரும் இடித்து அடைக்க மாட்டார்கள். அடைத்தால் ஆவி ஏறாது, நடுவில் வேகாது. சாலைக்கு அடியில் ஆவி ஏறி வரவே கூடாது. நிலத்து ஈரம் மேலே ஏறினாலும் மழை கீழே இறங்கினாலும் இரண்டும் கெடுதல். ஆனாலும் குழலின் அடியில் உள்ள ஓட்டைச் சில்லுக்கும், மாவுக்கு நடுவே தூவும் தேங்காய்ப்பூவுக்கும் சாலையில் வேலை இருக்கிறது. கீழே நெருக்கமான மண். அதன் மேல் மணலோ சரளையோ கலந்த துணைப்படுகை. அதன் மேல் கிரஷர் ரன் என்று நாம் சொல்லும் உடைகல் படுகை. உள்ளே புகுந்த தண்ணீர் தேங்காமல் வெளியேற இந்தச் சரளை அடுக்குகள் வழி விட வேண்டும். தேங்காய்க்குப் பதில் மாவையே அள்ளிப் போட்டு 'கலந்து விட்டோம்' என்று சொல்லும் புட்டுக்கடைக்கு நாம் மறுபடி போக மாட்டோம். கிரஷர் ரன்னில் மண் கலந்து வரும்போது மட்டும் ஏனோ கேட்பதில்லை.

கிரஷர் ரன்னைக் கையில் எடுத்துப் பாருங்கள். கூரான முனைகளுடன் பெரிதும் சிறிதுமாகக் கலந்திருக்க வேண்டும். பெரிய கல்லின் இடைவெளியைச் சின்னக் கல்லும் அதன் இடைவெளியைத் தூளும் அடைக்கும். தூள் அதிகமாகி, ஈரத்தில் கையில் சேறாக அப்பினால் அந்த லோரியைத் திருப்பி அனுப்ப வேண்டும். இதன் தாங்குதிறனைச் சி.பி.ஆர். என்ற அளவால் சொல்வார்கள். கலிஃபோர்னியா நெடுஞ்சாலைத் துறையில் பிறந்த சோதனை. ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்புத் தண்டை மெதுவாக மண்ணுக்குள் அழுத்தி, தரமான உடைகல் கொடுக்கும் எதிர்ப்பில் இது எத்தனை விழுக்காடு என்று பார்ப்பது. மண்ணை நான்கு நாள் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டுத்தான் அழுத்துவார்கள், ஏனென்றால் மிக மோசமான நாளில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதே கேள்வி. அடிமண்ணுக்குக் குறைந்தது 5, உடைகல் படுகைக்கு 80 என்பது ஜே.கே.ஆர். கணக்கு. இலேசான போக்குவரத்துக்கு அதன் வடிவமைப்புக் கையேடு கொடுக்கும் தடிமன் ஏறக்குறைய இப்படி: மேலே 5 சென்டிமீட்டர் பிரிமிக்ஸ் (தார் கலந்த கல்), கீழே 25 சென்டிமீட்டர் கிரஷர் ரன், அதற்கும் கீழே 15 சென்டிமீட்டர் துணைப்படுகை. கண்ணுக்குத் தெரிவது மொத்தத்தில் ஒன்பதில் ஒரு பங்கு.

இதனால்தான் "எத்தனை இன்ச்சு தார் போடுறீங்க?" என்று கேட்கும் கோவில் தலைவரிடம் பொறியாளர், "தலைவரே, அதக் கடைசியா பேசலாம், கீழ என்ன இருக்குன்னு சொல்லுங்க" என்று திருப்பிக் கேட்கிறார். தலைவருக்கு எரிச்சல் வருவதும் நியாயம்தான். 25 சென்டிமீட்டர் கல்லுக்குப் பணம் போனதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட முடியாது.

கீழே என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு மலாக்காத் தோட்டப்புறங்களில் ஒரு தனி விடை உண்டு: செம்பனை. தெங்கெராவில் புட்டு பிரிங் வாங்கித் தின்றவர்களுக்குத் தெரியும், வெள்ளை மாவுக்கு நடுவில் ஒளித்து வைத்த குலா மலாக்கா வெல்லம் வேகும்போது உருகி ஒரு குழியை விட்டுவிடும். அங்கே அது ருசி. செம்பனைத் தூரை எடுக்காமல் மேலே மண் கொட்டி மூடினால் நடப்பதும் அதேதான், ருசி மட்டும் இல்லை. செம்பனையின் அடித்தூர் மேசை அகலம் இருக்கும், வேர்க்கற்றை அடர்ந்து நிற்கும். எக்ஸ்கவேட்டருக்கு அதைப் பிடுங்கி ஏற்றி அனுப்புவதைவிட அங்கேயே நறுக்கிப் புதைப்பது சுலபம். புதைத்தது சில ஆண்டுகளில் மட்கும், மேலே உள்ள மண் இறங்கும், தார் வட்டமாக உள்வாங்கும். செம்பனையைச் சுமார் 9 மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடுவார்கள். பள்ளங்களும் அந்த இடைவெளியில் வந்தால் குற்றவாளியைத் தேட வேண்டியதில்லை. ரப்பர்க் கட்டைகளுக்கும் இதே பாடம். ஆகவே முதல் செலவு, தூரையும் வேரையும் கறுப்பு மேல்மண்ணையும் எடுத்து வெளியே அனுப்புவது. எங்காவது கால் புதையும் களிமண் குழி இருந்தால் அதையும் தோண்டி, நல்ல மண் நிரப்ப வேண்டும். மதிப்பீட்டில் 'நிலம் துப்புரவு' என்று ஒரே வரியில் வரும் இடம் இதுதான், பேரம் பேசி முதலில் வெட்டப்படும் வரியும் இதுதான்.

மேலே வரும் பிரிமிக்ஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 150 டிகிரிக்குப் பக்கத்துச் சூட்டில் லோரியில் வரும். ஆறும் முன் பரப்பி ரோலர் விட வேண்டும். மூடாத லோரியில், மழைத் தூறலில், தூரத்து ஆலையிலிருந்து வந்து இரண்டு மணி நேரம் காத்திருந்த பிரிமிக்ஸ் வேண்டாம். கல் படுகையின் மேல் முதலில் நீர்த்த தாரைத் தெளித்து ஊறவிட வேண்டும். அந்த ஒட்டு இல்லாவிட்டால் மேல்தோல் தனியாக உரியும்.

அடுத்து பாரம். ஒரு மைவி கார் ஏறத்தாழ ஒரு டன், ஓர் அச்சில் அரை டன். சாலை வடிவமைப்பில் அளவுகோலாக வைக்கும் லோரி அச்சு எட்டு டன்னுக்குச் சற்றே மேல். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லோரிகளை இரவு பகலாக ஓட்டிச் செய்த பெரிய சோதனையில் தெரிந்தது இது: சேதம் பாரத்தின் நான்காம் படியில் ஏறுகிறது. பதினாறு மடங்கு பாரமான அச்சு பதினாறு மடங்கு சேதம் செய்வதில்லை. பதினாறை நான்கு முறை பெருக்கினால் வரும் அறுபத்தைந்தாயிரம் மடங்கு செய்கிறது. அதாவது திருவிழாவுக்கு வரும் கார்கள் எல்லாம் சேர்ந்து செய்யாததை, கூடாரக் கம்பிகளை ஏற்றி வரும் ஒரே லோரி ஒரே நடையில் செய்துவிடும். குப்பை லோரி, தண்ணீர் லோரி, வெளியூர் பேருந்து எல்லாம் இதே கணக்கு.

செங் சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்தில் மாசிமகத்துக்குக் கூடும் வாகனங்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். 1781-இல் எழுந்த ஜாலான் துக்காங் எமாஸ் பொய்யாத விநாயகர் ஆலயத்திலிருந்து ரதம் புறப்பட்டு வரும் விழா. வெளி மாநிலங்களிலிருந்தும் கூட்டம் வரும். இப்படிப்பட்ட நாளை மனத்தில் வைத்து முழுத் திடலையும் லோரிக்குத் தாங்கும்படி போட எந்தச் சிறிய கோவிலாலும் முடியாது, போடவும் வேண்டாம். லோரியும் பேருந்தும் போகும் வழியைத் தனியாகக் குறித்து, அங்கே மட்டும் கல் படுகையைத் தடிமனாக்கினால் போதும். மற்ற இடத்தில் கார் நிற்கட்டும். தீயணைப்பு வண்டி நுழையும் வழியும் அந்தத் தடித்த வழியாகவே இருக்கலாம். 1984-ஆம் ஆண்டுச் சீரான கட்டட உபவிதிகள் பெரிய கட்டடங்களுக்குத் தீயணைப்பு வண்டி வரும் வழியைக் கட்டாயமாக்குகின்றன. அந்த வழியில் பூந்தொட்டி வைப்பது நம் பழக்கம்.

கோடு போடுவது கடைசி வேலை என்றாலும் கணக்கு முதலிலேயே வேண்டும். ஒரு கட்டம் பொதுவாக 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். மைவியின் அகலம் 1.735 மீட்டர். மிச்சம் 76 சென்டிமீட்டர், அதில்தான் இரண்டு பக்கமும் கதவு திறக்க வேண்டும். சேலை கட்டிய அம்மாவும் தாம்பூலத் தட்டும் அதற்குள்தான் இறங்க வேண்டும். கட்டத்தைக் குறுக்கி இரண்டு கார் கூடுதலாக நிறுத்தலாம் என்ற யோசனை வந்தால் இந்தக் காட்சியை நினைத்துக்கொள்ளலாம். மாற்றுத் திறனாளிகளுக்கான கட்டத்துக்கு எம்.எஸ். 1184 என்ற மலேசியத் தரநிர்ணயம் பக்கத்தில் சக்கர நாற்காலி திரும்பக் கூடுதல் அகலம் கேட்கிறது. அது வாசலுக்குக் கிட்டத்தில், படி இல்லாத பாதையோடு இருக்க வேண்டும். மூலையில் நீல வண்ணம் அடித்துவிட்டு முன்னால் ஆறு அங்குலத் திட்டு வைத்தால் பணம் வீண்.

இனி தண்ணீர். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். மலாக்காவில் ஆண்டுக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர் மழை. அது நாள்தோறும் பங்கு போட்டுப் பெய்வதில்லை. மாலை இடிமழையாகவோ, நீரிணையைத் தாண்டி விடியற்காலையில் அடிக்கும் சுமத்ராக் காற்றுமழையாகவோ ஒரே மூச்சில் கொட்டும். ஆயிரம் சதுர மீட்டர் கார் பார்க்கிங்கில் 50 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 50,000 லிட்டர். லாலாங் புல் இருந்தபோது அதில் நல்ல பங்கை நிலம் குடித்தது. தார் போட்டதும் ஏறத்தாழ முழுவதும் வழிந்தோடும், அதுவும் உடனே. வடிகால் நீர்ப்பாசனத் துறை 2001 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்து, 2012-இல் திருத்திய மஸ்மா என்ற மழைநீர் மேலாண்மைக் கையேடு சொல்வது இதைத்தான்: கட்டுமானத்துக்குப் பிறகு உங்கள் இடத்திலிருந்து பாயும் உச்ச வெள்ளம், முன்பு பாய்ந்ததைவிட அதிகமாகக் கூடாது. அதனால்தான் சிறிய திட்டத்துக்கும் தேக்கத் தொட்டி கேட்கிறார்கள். "நம்ம கோவிலுக்கு எதுக்கு தொட்டி?" என்ற கேள்விக்கு விடை, கீழ்ப்புறத் தாமானில் முழங்கால் தண்ணீரில் நிற்பவர் வீட்டில் இருக்கிறது.

மேற்பரப்புக்குச் சரிவு வேண்டும், சாலைகளுக்கு 2.5 விழுக்காடு வழக்கம். 20 மீட்டர் அகலத்துக்கு அரை மீட்டர் இறக்கம். கண்ணுக்குத் தரை சமமாகத் தெரியும்படி அழகாகப் போட்டுத் தந்தால் குத்தகையாளரைப் பாராட்டாதீர்கள், ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள்.

தாமான் வீடுகளின் போர்ச்சுக்கும் இதே கணக்குத்தான். வரிசை வீட்டின் முன்னால் லொங்காங் என்ற வடிகால், அதன் மேல் பலகைக் கான்கிரீட், அப்புறம் சாலை. கார் ஏற இடம் போதவில்லை என்று லொங்காங்கை முழு நீளத்துக்கும் கான்கிரீட்டால் மூடி, டைல்ஸ் ஒட்டி அழகு பார்க்கிறோம். உள்ளே மண்ணும் பிளாஸ்டிக்கும் அடைத்தால் எடுக்க வழியில்லை. அடைப்பு உங்கள் வாசலில், வெள்ளம் மேல்வீட்டு வாசலில். மூடித்தான் ஆக வேண்டும் என்றால் கையால் தூக்கக்கூடிய மூடிகளாக, இடையிடையே இரும்புச் சல்லடையோடு, அனுமதி வாங்கிப் போடலாம். வேலிக்கும் சாலைக்கும் நடுவில் உள்ள துண்டு நிலம் நம்முடையது என்ற நினைப்பும் பலருக்கு உண்டு. பெரும்பாலும் அது சாலை ஒதுக்கு நிலம். குழாய் மாற்ற வருகிறவர்கள் உடைத்தால் டைல்ஸ் ஒட்டித் தர மாட்டார்கள்.

பழைய தாமான்களில் இன்னொரு தொல்லை. சாலையை ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே 5 சென்டிமீட்டர் போட்டுக்கொண்டு போனால், மூன்றாவது முறையில் சாலை அரை அடி உயர்ந்துவிடும். வீடு இருந்த இடத்தில்தான் இருக்கும். போர்ச்சிலிருந்து சாலைக்கு ஓட வேண்டிய தண்ணீர் சாலையிலிருந்து போர்ச்சுக்கு வரும். உங்கள் வரிசையில் தார் போட வந்தால் குடியிருப்பாளர் சங்கம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "சுரண்டிட்டுப் போடுறீங்களா?"

காகித வேலைக்கு வருவோம். 1974-ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டம், அதாவது சட்டம் 133, மண்வேலைத் திட்டத்தையும் சாலை வடிகால் திட்டத்தையும் கேட்கிறது. 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின் கீழ்த் திட்டமிடல் அனுமதி வேண்டும். மனுவை ஊராட்சி மன்றத்தின் ஓ.எஸ்.சி. (ஒரே இட அனுமதி மையம்) முகப்பில் கொடுக்க வேண்டும். இடத்தைப் பொறுத்து அது மலாக்கா பெர்செஜாரா மாநகர் மன்றம், அலோர்காஜா, ஜாசின், ஹங் துவா ஜெயா நகராண்மைக் கழகங்களில் ஒன்று. 2007 ஏப்ரல் 12-இலிருந்து பழைய சி.எஃப். போய் சி.சி.சி. வந்தது. முன்பு மன்றம் தந்த தகுதிச் சான்றிதழை இப்போது பொறுப்பேற்ற கட்டடக் கலைஞரோ பொறியாளரோ கையெழுத்திட்டுத் தருகிறார். அதற்கு முன் ஜி1 முதல் ஜி21 வரை தாள்களில் ஒவ்வொரு வேலைக்கும் அதைச் செய்தவரும் மேற்பார்த்தவரும் கையெழுத்திட வேண்டும். மண்வேலைக்கு ஒரு தாள், சாலைக்கும் வடிகாலுக்கும் ஒரு தாள். மாவைப் பிடித்துப் பார்த்த கை யாருடையது என்பது அந்தத் தாளில் எழுத்தில் இருக்கும். வேண்டியவர் மூலம், மச்சான் மூலம், திட்டம் போடாமல் செய்கிற வேலையில் காணாமல் போவது இந்தக் கையெழுத்துத்தான். மலிவாக முடிந்தது போலத் தெரியும். இறங்கிய பிறகு யாரைக் கூப்பிடுவது என்று தெரியாது.

தோட்டத்துக்குள் இருக்கும் கோவிலுக்கும் பள்ளிக்கும் சிக்கல் இன்னும் பெரிது. அங்கே போகும் சாலை கம்பெனிச் சொத்து. மாநிலச் சாலைகளின் பராமரிப்புக்குக் கூட்டரசு தரும் பணம் மாரிஸ் என்ற சாலைப் பதிவேட்டில் உள்ள சாலைகளுக்குத்தான் கிடைக்கும்; பதிவில் ஏறாத தோட்டச் சாலைக்கு ஒரு காசும் வராது. ஆகவே உள்ளே அழகான பார்க்கிங், வெளியே இரண்டு கிலோமீட்டர் பள்ளம் என்ற காட்சி. இதற்குத் தார் தீர்வாகாது. நில உரிமை, வழி உரிமை, சாலையை அரசிடம் ஒப்படைப்பது பற்றிய பேச்சு முதலில் நடக்க வேண்டும், அதற்குத் தோட்ட நிர்வாகம், நில அலுவலகம், சட்டமன்ற உறுப்பினர் மூவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். அதுவரை நல்ல சரளை போட்டு, ஓரத்தில் வடிகால் வெட்டி, ஆண்டுக்கு ஒருமுறை சீவி ரோலர் விடுவது, தரமில்லாத தாரைவிட நீடித்து உழைக்கும். கோவில் நிர்வாகங்கள் இதைக் கேட்டால் முகம் சுளிக்கும் என்று தெரியும். சரளைக்குத் திறப்பு விழா வைக்க முடியாதுதான்.

பணம் குறைவாக இருந்தால் என் கருத்து இது: முழுத் திடலுக்கும் மெல்லிய தார் போடாதீர்கள். தூர் எடுத்து, மண்ணைப் பதத்தில் இடித்து, கல் படுகையும் வடிகாலும் முழுதாகச் செய்துவிட்டு, லோரி வழிக்கும் வாசலுக்கும் மட்டும் தாரோ 80 மில்லிமீட்டர் பூட்டுக்கல்லோ போடுங்கள். மீதி கிரஷர் ரன்னாகவே ஓராண்டு கிடக்கட்டும். வாகனங்கள் மிதித்து எங்கே இறங்குகிறது என்று காட்டிக் கொடுக்கும், அடுத்த மானியத்தில் மேல்தோல் போடலாம். அடிப்படுகை சரியாக இருந்தால் தாரை எப்போது வேண்டுமானாலும் போடலாம், தாரைப் போட்ட பிறகு அடிப்படுகையைச் சரிசெய்ய முடியாது.

ஒப்பந்தம் எழுதும்போது கட்டுமானத் துறை மேம்பாட்டு வாரியமான சி.ஐ.டி.பி.யில் பதிந்த குத்தகையாளரா என்று பாருங்கள். நெருக்கச் சோதனைக்கு எத்தனை இடத்தில் குழி தோண்டுவது, யார் நின்று பார்ப்பது, எந்த ஆய்வுக்கூடம் என்பதை எழுத்தில் வையுங்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் தாள் கைக்கு வந்த பிறகே அடுத்த அடுக்கு. பணத்தில் 5 விழுக்காட்டைத் தடுத்து வைப்பது வழக்கம்: அதில் ஒரு பாதியை வேலை முடிந்ததும், மறுபாதியைக் குறைபாட்டுக் காலம் முடிந்ததும் கொடுப்பார்கள். அந்த மறுபாதியை ஓர் அக்டோபர், நவம்பர் மழை முடியும் வரை கொடுக்காதீர்கள். டிசம்பரில் ஒரு நாள் மழை விட்ட அரை மணி நேரம் கழித்துப் பொருளாளரும் பொறியாளரும் குத்தகையாளரும் திடலைச் சுற்றி வாருங்கள். தண்ணீர் நிற்கும் இடத்திலெல்லாம் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, அந்த வட்டங்கள் சரியான பிறகு காசோலையில் கையெழுத்துப் போடலாம்.